தோம்னிக்காவுக்குப் பதிலாகப் போனவள்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்தது என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் இது எனக்குக் கொடுக்கப்பட்டது, அதுவும் நிபந்தனையோடு. கொடுத்தவள் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரி தோம்னிக்கா. செப்டம்பர் மாதம் சிரெத் ஆற்றங்கரையில் உள்ள எங்கள் ஊர் முழுக்கக் குடைமிளகாய் சுடுகிற வாசனைதான் வரும். சுட்டு, தோல் உரித்து, ஜாடிகளில் அடைத்தால்தான் ருமேனியாவில் குளிர்காலத்தை எதிர்கொள்ளத் தைரியம் வரும். நான் அவளுடைய பால்கனிக்குத் தோல் உரித்துக் கொடுக்கப் போயிருந்தேன். எங்கள் இரண்டு பேருக்கும் விரலெல்லாம் கரி.

"இத நீ எழுதணும்," என்றாள் தோம்னிக்கா. "ஆனா உன் பாஷைல எழுது. எங்க பாஷைல எழுதினேன்னு வை, இந்தப் படிக்கட்டுல ஏறி இறங்குற ஒருத்தி விடாம படிச்சிட்டு என்னைப் பாத்துப் பல்லைக் காட்டுவா."

"எங்க பாஷைலயும் ஆளுங்க படிப்பாங்களே?"

"படிக்கட்டுமே. அவங்க என்னை மார்க்கெட்ல பாக்கப்போறதில்ல. அதோட உன் எழுத்து பின்னல் வேலை மாதிரி வளைஞ்சு வளைஞ்சு அழகா இருக்கு. நான் பின்னல்காரி. எனக்குப் பிடிச்சிருக்கு."

பேசும்போது அவள் கண் அடிக்கடி பால்கனி மேசைக்குப் போய் வந்தது. அங்கே அவளுடைய கைபேசி குப்புறக் கிடந்தது. அது ஏன் அப்படிக் கிடந்தது என்பதுதான் இந்தக் கதை. இருபது வருடம் இந்த ஊரில் இருந்துவிட்டு, இந்த ஊர்க்காரியின் கதையைத் தமிழில் எழுதுகிறேன். நீங்கள் யாரும் மார்க்கெட்டில் அவளைப் பார்க்கப்போவதில்லை என்ற நம்பிக்கையில்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

முதலாவது: "தோம்னிக்கா பயந்த சுபாவக்காரி." [அடித்துவிட்டேன். சம்பளம் வராத வருடத்தில் தான் வேலை பார்த்த ஆலையின் மேலாளர் கார் முன்னால் மல்லாந்து படுத்தவள் அவள். அவளுக்குப் பயம் உலகத்தில் ஒரே ஒரு நாற்காலியிடம்தான்: பெண்களைப் பரிசோதிக்கக் கால்களை விரித்து உட்காரவைக்கும் நாற்காலி.]

இரண்டாவது: "ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸ் என்பது..." [இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டும் தாள். ஆனாலும் உங்களுக்குத் தெரிந்தாக வேண்டும். உடலுறவில் தொற்றுகிற வைரஸ் அது. ஏறக்குறைய எல்லோருக்கும் வாழ்க்கையில் ஒரு தடவையாவது வரும், பெரும்பாலும் வந்த சுவடு தெரியாமல் போய்விடும். சிலரிடம் போகாது. வருடக்கணக்காக உள்ளேயே இருந்து, கடைசியில் கருப்பையின் வாயில் புற்றாக மாறும். ஆண்களையும் விடாது, அந்தரங்க உறுப்புகளில் எங்கே வேண்டுமானாலும் வேலையைக் காட்டும். சீக்கிரம் கண்டுபிடித்தால் பிழைக்கலாம். கண்டுபிடிக்க வேண்டுமென்றால் அந்த நாற்காலியில் ஏறியாக வேண்டும்.*]

மூன்றாவது தொடக்கம் ஆலையில் ஆரம்பிக்கிறது. அதைத்தான் வைத்துக்கொண்டேன். ஏனென்றால் தோம்னிக்கா அதைச் சொல்லும்போது மட்டும் கைபேசியை மறந்திருந்தாள்.

* வராமல் தடுக்க ஊசி உண்டு. இந்த நாட்டில் பள்ளிச் சிறுமிகளுக்கு அதை முதன்முதலாகக் கொண்டுவந்தபோது பெற்றோர் பெரும்பாலும் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டார்கள். அரசாங்கம் பெண்களின் வயிற்றுப் பக்கம் வந்தாலே இங்கே கதவு சாத்தப்படும். காரணம் அடுத்த பகுதியில்.

3

எண்பதுகளில் ஊர்க் கோடியில் ஒரு பின்னலாடை ஆலை இருந்தது. பதினெட்டு வயதில் தோம்னிக்கா அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்து இயந்திரம் சவேத்தாவுடையது. இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே உயரம், சம்பளத்தை ஒரே நாளில் தீர்க்கிற கை. இயந்திரச் சத்தத்தில் காதில் எதுவும் விழாது. அதனால் அந்தப் பெண்கள் உதட்டைப் பார்த்தே பேசப் பழகினார்கள். மேற்பார்வையாளனை அவன் முதுகுக்குப் பின்னால் வாய்விட்டுத் திட்டலாம். அந்தச் சுகத்தை நினைத்தால் தோம்னிக்காவுக்கு இன்றும் சிரிப்பு வருகிறது.

இடைவேளையில் பார்லிக் காப்பி. முடியெல்லாம் கம்பளித் தூசு, எல்லோரும் இளநரைக்காரிகள். மார்ச் எட்டு, பெண்கள் தினத்தன்று சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரம் தள்ளிவிட்டு நடனம். ஆண்கள் குறைவு என்பதால் பெண்களே பெண்களோடு ஆடுவார்கள். சவேத்தா ஆணாக ஆடுவாள், தோம்னிக்கா அவள் தோளில் கை போட்டுக்கொள்வாள். கடையில் வெண்ணெய் கிடையாது, வீட்டில் மின்சாரம் கிடையாது. ஆனால் அவ்வளவு சிரிப்பு பிறகு எந்தக் காலத்திலும் கிடைக்கவில்லை என்று தோம்னிக்கா சொன்னாள். நான் நம்புகிறேன். இளமையும் சேர்ந்து போய்விட்டதால் எது எதனால் என்று பிரிக்க முடியாதுதான்.

அப்போது நாட்டுக்குப் பிள்ளைகள் வேண்டும் என்று கம்யூனிஸ்ட் ஆட்சியில் மேலே இருந்தவர்கள் முடிவு செய்திருந்தார்கள். கருக்கலைப்பு குற்றம். எவளும் வயிற்றில் வந்ததை மறைத்துவிடக் கூடாது என்று ஆலைக்கே வைத்தியரை அனுப்பிப் பெண்களைச் சோதித்தார்கள். ஒவ்வொரு பிரிவாக வரிசையில் நிற்க வேண்டும். உள்ளே தகரத் திரை, திரைக்குப் பின்னால் அந்த நாற்காலி. வைத்தியர் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பெயரைக் கேட்பார், கையை விடுவார், அடுத்தவளைக் கூப்பிடுவார்.

முகத்தைப் பார்க்காதவரை ஏமாற்றுவது சுலபம். பெண்கள் அதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். வைத்தியர் வாசலில் இறங்கியதும் முதல் இயந்திரத்துக்காரி தன் இயந்திரத்தின் மேல் ஒரு சிவப்பு நூல்கண்டை வைப்பாள். நாள் தள்ளிப்போனவள் கம்பளிக் கிடங்குக்குள் ஒளிந்துகொள்வாள். அவளுக்குப் பதிலாகத் தோழி ஒருத்தி தலைத்துணியை மாற்றிக் கட்டிக்கொண்டு இரண்டாம் தடவை வரிசையில் நின்று, ஒளிந்தவளின் பெயரைச் சொல்லி, நாற்காலியில் ஏறுவாள். தமிழில் இதற்கு ஆள் மாறாட்டம் என்று பெயர். அங்கே அதற்குப் பெயரே இல்லை, அது வெறும் சிநேகம்.

தோம்னிக்காவுக்காகச் சவேத்தா இரண்டு முறை அப்படிப் போனாள். முதல் தடவை வெறும் பயத்துக்கு. இரண்டாம் தடவை நிஜமாகவே...

[இங்கே ஒரு பத்தி இருந்தது. ஒரு சமையலறை, ஒரு கிழவி, ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில், கட்டிலருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து "யார் செய்தது, பெயரைச் சொன்னால்தான் வைத்தியம்" என்று கேட்ட ஒரு சீருடைக்காரன். தோம்னிக்கா அதைச் சொல்லிவிட்டு, பிறகு எழுதாதே என்றாள். எழுதவில்லை. அந்தக் கிழவியின் பெயரை அவள் கடைசிவரை சொல்லவில்லை என்பதை மட்டும் சொல்ல அனுமதி வாங்கியிருக்கிறேன்.]

அன்றிலிருந்து அவள் அந்த நாற்காலியில் ஏறியது பிரசவத்துக்கு மட்டும். மகள் சோரினா பிறந்த பிறகு அதுவும் இல்லை.

4

ஆலை போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது ஒரு பெரிய கடை, முன்னால் கார்கள் நிறுத்தத் தளம். நான் மிளகாய் உரிக்கப் போன அதே வருடம், எல்லோரும் முகமூடி போட்டுத் திரிந்த காலத்தில், மே மாதம், அந்தத் தளத்தில் ஒரு வெள்ளை வண்டி வந்து நின்றது. பெண்களுக்கு இலவசமாக இந்த வைரஸ் பரிசோதனை செய்யும் நடமாடும் வண்டி.

சோரினா இத்தாலியில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அங்கிருந்தே அம்மாவின் பெயரைப் பதிவு செய்துவிட்டுக் கைபேசியில் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா, நீ போகலேன்னா நான் கோடை லீவுக்கு வரமாட்டேன். இங்க எனக்குக் கூப்பிட்டுப் பண்ணினாங்க. ரெண்டு நிமிஷம் ஆகல."

"போறேன்டி, போறேன். உசிரை வாங்காத."

போகிறேன் என்று சொல்லிவிட்டாளே தவிர, வரிசையைப் பார்த்ததும் தளத்தின் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். அதே இடம். வண்டியின் படிக்கட்டு இருந்தது ஏறக்குறைய பழைய தகரத் திரை இருந்த மூலையில். துணைக்கு வந்த சவேத்தா அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னடி, சுண்ணாம்பு மாதிரி வெளுத்துட்ட?"

"கால் வரமாட்டேங்குது, சவேத்தா."

"உன் அடையாள அட்டையக் குடு."

"எதுக்கு?"

"எதுக்கா? புதுசாக் கேக்குற. முகமூடி போட்டாச்சு, கண்ணு மட்டும்தான் தெரியும். நம்ம வயசுப் பொம்பளைங்க கண்ணு எல்லாம் ஒண்ணுதான். எவ வந்து சுருக்கத்தை எண்ணப்போறா?"

"நீ உனக்குப் பண்ணிக்கோயேன்."

"எனக்கு என்னத்துக்கு? புருஷன் போய்ச் சேந்தாச்சு, பிள்ளை குட்டி இல்ல, போகலேன்னா திட்டக்கூட ஆளில்ல. குடுடி."

சவேத்தா தோழியின் அட்டையோடு படியேறினாள். இறங்கி வந்தபோது இரண்டு பேரும் கார்களுக்கு நடுவில் நின்று இருபது வயதுக்காரிகளைப் போல விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரும்பும் வழியில் ஐஸ்கிரீம் வாங்கிச் சாப்பிட்டார்கள். அந்த மத்தியானம் தன் வாழ்க்கையின் நல்ல மத்தியானங்களில் ஒன்று என்று தோம்னிக்கா சொன்னாள். அதனால் இதை இங்கேயே முடித்துவிடலாமா என்று கூட யோசித்தேன்.

[யோசித்தேன், அவ்வளவுதான்.]

5

வண்டிக்காரர்கள் முதலிலேயே சொல்லியிருந்தார்கள்: ஒன்றும் இல்லையென்றால் கைபேசிக்குக் குறுஞ்செய்தி வரும், ஏதாவது இருந்தால் டாக்டரே கூப்பிடுவார்.

டாக்டர் கூப்பிட்டார். இளம் பெண் குரல்.

"தோம்னிக்காம்மாங்களா? நான் டாக்டர் ஒத்திலியா. பயப்படாதீங்க. வைரஸ் இருக்கு, அதுல மோசமான வகை. செல்லும் கொஞ்சம் மாறியிருக்கு. ஒரு துணுக்கு எடுத்துப் பாக்கணும். யாஷ் நகரத்து ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?"

தோம்னிக்கா ஒரு கணம் அதைத் தன் செய்தியாகவே கேட்டாள். மறுகணம், அது தன் உடம்பு இல்லை என்று ஞாபகம் வந்தது. அப்பாடா என்றது மனசு. அந்த ஒரு அப்பாடாவுக்காக அவள் தன்னை இன்னும் மன்னிக்கவில்லை. நாம் மன்னித்துவிடலாம் என்று நினைக்கிறேன். அவள் இடத்தில் யாராக இருந்தாலும் அதுதான் முதலில் வந்திருக்கும்.

தரைத்தளத்தில் இருக்கும் சவேத்தாவின் வீட்டுக்கு இறங்கிப் போனாள். சவேத்தா பிளம்ஸ் பழம் வைத்த மாவு உருண்டைகளைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுக்கொண்டிருந்தாள். தோம்னிக்கா மென்று விழுங்காமல் சொன்னாள். சவேத்தா கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப அது எனக்கா?"

"உனக்குத்தான்."

மேலே மிதந்து வந்த உருண்டைகளைக் கரண்டியால் அள்ளித் தட்டில் போட்டாள். பிறகு சொன்னாள்: "இத்தனை வருஷமா வாடகை குடுக்காமக் குடியிருந்திருக்கான், பாரேன்."

"விளையாடாத."

"எவன் கொண்டாந்து விட்டிருப்பான்? என் புருஷன் லாரி ஓட்டினவன், அவன் எந்தெந்த ஊர்ல இறங்கினானோ. இல்லேன்னா கல்யாணத்துக்கு முன்னாடி மங்காலியால..."

"அந்த அக்கார்டியன்காரனா!"

"தொழிற்சங்கம் கடற்கரைக்கு அனுப்பிச்சதே, அந்த வருஷம். நீ ரூமுக்கு வெளியில காவலுக்கு உக்காந்திருந்த." சவேத்தாவின் முகத்தில் வேறொரு வயது வந்து போனது. "அவனா இருந்தா மன்னிச்சிடலாம்டி. நல்லா வாசிப்பான்."

[இந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இப்படி ஒரு செய்தி கேட்டு எவளாவது சிரிப்பாளா? சவேத்தாவை நான் நம்பவில்லை. தோம்னிக்கா தோழியை உயர்த்திச் சொல்கிறாள் என்று நினைத்து, கீழே இறங்கிப்போய் அவளையே கேட்டேன். தலைக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தாள். "வேணும்னா நான் அழுதேன்னு எழுதிக்கோ," என்றாள். "கதவ சாத்தினப்புறம் அழுதேன். அவ எதிர்ல எதுக்கு அழணும்? அவளே பாவம், பயந்தாங்கொள்ளி. ஆனா என் முடிய நல்லா எழுது." எழுதுகிறேன்: செம்பு நிறம், அடர்த்தி, கண்ணாடி முன்னால் நிற்கும்போது அவளுக்கே பெருமை.]

6

யாஷ் ஆஸ்பத்திரிக்கு இரண்டு பேரும் பஸ்ஸில் போனார்கள். டாக்டர் ஒத்திலியா பரிசோதனைத் தாளைப் பார்த்தாள், எதிரே இருந்த இரண்டு முகமூடிகளைப் பார்த்தாள்.

"இதுல தோம்னிக்கா யாரு?"

"நான்தான். ஆனா வியாதி இவளுது," என்றாள் தோம்னிக்கா.

விஷயம் வெளியே வந்தது. டாக்டருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னம்மா விளையாட்டு இது? வேற ஒருத்தர் கர்ப்பப்பைக்கு நான் மருந்து எழுதியிருப்பேனே! பள்ளிக்கூடப் பிள்ளைங்க பரீட்சைக்கு ஆள் மாத்தி அனுப்புற மாதிரி..."

சவேத்தா குறுக்கே புகுந்து ஆலை, தகரத் திரை, சிவப்பு நூல்கண்டு எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகு பிறந்தவள். கேட்கக் கேட்க அவளுடைய பேனா நின்றுவிட்டது.

"இவ பேர்ல போனதாலதான் என்னுது தெரிஞ்சுது டாக்டரம்மா," என்றாள் சவேத்தா. "என் பேர்ல நான் வந்திருக்கவே மாட்டேன்."

"அது சரிம்மா. உங்க அதிர்ஷ்டம், ஆரம்பத்துலயே இருக்கும்னு நினைக்கிறேன். யார்கிட்ட இருந்து வந்தது, எப்ப வந்ததுன்னு கேக்காதீங்க, யாராலும் சொல்ல முடியாது. யார் மேலயும் தப்பு இல்ல." பிறகு அவள் தோம்னிக்காவின் பக்கம் திரும்பினாள். "ஆனா உங்களுக்கு என்ன இருக்குன்னு இன்னும் யாருக்குமே தெரியாதே?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

"பாக்காம எப்படித் தெரியும்?" டாக்டர் குனிந்து, "முகமூடிய ஒரு நிமிஷம் இறக்குங்கம்மா. உங்க முகத்தப் பாக்கணும்," என்றாள்.

தோம்னிக்கா இறக்கினாள். டாக்டர் நன்றாகப் பார்த்தாள். நோயைத் தேடவில்லை, அடுத்த முறை அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகப் பார்த்தாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் தோம்னிக்கா இதை என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

சவேத்தாவுக்கு ஜூலையில் கருப்பையை எடுத்தார்கள். புற்று இருந்தது, ஆனால் பரவவில்லை. ஆள் இளைத்துத் திரும்பி வந்தாள், வாய் இளைக்கவில்லை. தோம்னிக்காதான் சூப் வைத்துக் கொடுத்தாள், துணி துவைத்தாள், காலையும் மாலையும் படியிறங்கி ஏறினாள். தன் பரிசோதனையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும், இடுப்பு வலி, சோரினா வரப்போகிறாள், மிளகாய் சீசன் முடியட்டும் என்று ஒவ்வொன்றாகச் சாக்கு. செப்டம்பரில் வெள்ளை வண்டி மறுபடி வந்தது. சவேத்தா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, மூன்றாம் மாடிக்கு ஏறி வந்தாள்.

"கெளம்பு."

"உனக்கு எதுக்குடி இந்தப் படியெல்லாம்? தையல் பிரியப் போகுது."

"உனக்காக நான் மூணு தரம் அந்த நாற்காலில ஏறியிருக்கேன். இந்த ஒரு தரம் எனக்காக நீ ஏறு. நீ போய்ட்டேன்னா நான் யாரோட ஆடுறது?"

தோம்னிக்கா முகம் கழுவிக்கொண்டு கிளம்பினாள். வண்டிக்குள் டாக்டர் ஒத்திலியா அட்டையை வாங்கினாள், படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், சிரித்தாள். "இன்னிக்கு அசல் ஆளே வந்திருக்காங்க." ஒவ்வொன்றையும் சொல்லிவிட்டுச் செய்தாள். வேண்டாம் என்றால் நிறுத்திவிடுவேன் என்றாள். ஒரு தடவை தோம்னிக்கா வேண்டாம் என்றாள். நிறுத்தினாள். மூச்சு விட்டுக்கொண்டு, சரி என்று தோம்னிக்காவே சொன்ன பிறகுதான் தொடர்ந்தாள்.

வெளியே சவேத்தா கடையின் தள்ளுவண்டிமேல் சாய்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். தோம்னிக்கா வந்து அவள் தோளில் கை போட்டுக்கொண்டு அழுதாள்.

7

இப்போது முடிவு. மூன்று வைத்திருந்தேன்.

(அ) ஒன்றும் இல்லை என்று செய்தி வருகிறது. தோழிகள் புளிச்செர்ரிச் சாராயத்தைத் திறக்கிறார்கள். [நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செய்தி வருவதற்கு முன்பே, மிளகாய் சுடுகிறபோது நான் கேட்ட கதைக்கு இந்த முடிவை நான் எங்கிருந்து கொண்டுவந்தேன்?]

(ஆ) டாக்டர் கூப்பிடுகிறார். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டதற்கு... [மேலே எழுதக் கை வரவில்லை. பாடம் புகட்டுவதற்காக ஒருத்தியைச் சாகடிக்கிற கதைகள் போதும்.]

(இ) கதை எழுதுவதே ஆள் மாறாட்டம்தானே, அவளுக்குப் பதிலாக நானே உள்ளே போய், அவள் பெயரைச் சொல்லி, முடிவை வாங்கி வந்துவிடுகிறேன். [இவ்வளவு தூரம் அதைத்தான் செய்தேன், அவளுடைய பயத்துக்குள் அவள் அட்டையைக் காட்டிவிட்டுப் போய்வந்தேன். இதற்கு மேல் முடியாது.]

ஆகவே நடந்ததை மட்டும் சொல்கிறேன். அந்த செப்டம்பர் மத்தியானம், பால்கனி. கடைசித் தட்டு மிளகாய் அடுப்பில். சவேத்தாவும் மேலே வந்துவிட்டாள், வெயிலில் நாற்காலி போட்டு முடியை உலர்த்திக்கொண்டிருந்தாள். கைபேசி மேசைமேல் குப்புறக் கிடந்தது. சத்தத்தை அணைத்து, அதிர்வு மட்டும் வைத்திருந்தாள் தோம்னிக்கா. செய்தியென்றால் ஒரே ஒரு தடவை அதிரும். அழைப்பென்றால் விடாமல் அதிரும்.

"எழுதிக்கிட்டியா?" என்று என்னைக் கேட்டாள் தோம்னிக்கா. "இதோட முடிவு என்ன வைக்கப்போற?"

நான் பதில் சொல்வதற்குள் மேசை அதிர்ந்தது.

சவேத்தாவின் கை பழைய பழக்கத்தில் தானாக நீண்டது. கைபேசியைத் தொடுவதற்கு ஒரு விரற்கடை இருக்கும்போது நின்றது. கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ எடுடி," என்றாள்.

தோம்னிக்கா கரிப்பிடித்த விரல்களைத் துணியில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். அது ஒரு தடவை அதிர்ந்து ஓய்ந்ததா, தொடர்ந்து அதிர்ந்ததா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியும், நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஆனால் முதல் அதிர்விலேயே நிறுத்திக்கொள்கிறேன். அதை எடுக்க வேண்டியவள் எழுந்துவிட்டாள். நானும் நீங்களும் சவேத்தாவைப் போல் கையை மடியில் வைத்துக்கொள்வோம்.